இரண்டு விரல் கனம்

அந்தப் பந்தயத் தொடரில் ஓடிய கார்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. ஒரே எஞ்சின், ஒரே டயர், ஒரே பெட்ரோல். எஞ்சினுக்கு முத்திரை வைத்திருப்பார்கள். அதில் கை வைத்தவன் மிச்சப் பந்தயத்தை வீட்டில் உட்கார்ந்து டி.வி.யில்தான் பார்க்க வேண்டும். அதுவும் போதாதென்று ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் குலுக்கல் வேறு. டப்பாவுக்குள் கையை விட்டு எடுத்தால் எந்த எண் வருகிறதோ அந்தக் கார். போன தடவை ஜெயித்துக் கொடுத்த காரைக் கட்டிப்பிடித்து அழுதாலும் கிடைக்காது. ஒரே ஒரு ஆள் மட்டும் உட்காரக்கூடிய, கூரை இல்லாத, நான்கு சக்கரமும் வெளியே துருத்திக்கொண்டிருக்கிற வண்டிகள். எவன் பணக்காரன் என்பது பந்தயத்தில் தெரியக் கூடாது, எவன் ஓட்டத் தெரிந்தவன் என்பது மட்டும் தெரிய வேண்டும் என்று தொடரை நடத்தியவர்கள் சொல்லிக்கொள்வார்கள்.

இவ்வளவு ஒற்றுமைக்கும் நடுவில் ஓட்டுகிறவருக்குச் சொந்தம் என்று இருந்தது சீட் ஒன்றுதான். அது அவரவர் முதுகையும் இடுப்பையும் வைத்தே வார்த்தது. ஒருத்தர் சீட்டில் இன்னொருத்தர் உட்கார்ந்தால் செருப்பைக் கால் மாற்றிப் போட்ட மாதிரி இருக்கும். குலுக்கல் முடிந்ததும் ஆளாளுக்குத் தன் சீட்டைக் கைக்குழந்தையைப் போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு தனக்கு விழுந்த காரைத் தேடிப் போவார்கள். மெக்கானிக் தூக்கித் தரக் கூடாது. அவரவர் சீட்டை அவரவர்தான் தூக்க வேண்டும். விதிப்புத்தகத்தில் இப்படி ஒரு வரியும் கிடையாது. முதல் வருஷம் யாரோ விளையாட்டாக ஆரம்பித்தது, பிறகு யாராலும் மாற்ற முடியாத வழக்கமாகிப்போனது.

அந்தச் சீட்டுகளைச் செய்து கொடுத்தவரை எல்லோரும் மெத்தையக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஐம்பது வயதை எட்டிக்கொண்டிருந்தவர். அப்பா விட்டுப்போன சோபாக் கடையை நடத்திக்கொண்டிருந்தார். சினிமாத் தியேட்டர் நாற்காலிக்கு உறை மாற்றுவார், பல் ஆஸ்பத்திரியின் சாய்வு நாற்காலிக்கு ரெக்சின் போடுவார். தொடரின் மேலாளர் ஒரு நாள் கடைக்குள் வந்து, வெளியே வாங்கிய சீட்டுகளில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு விலாவெல்லாம் கன்றிப்போகிறது, ஏதாவது வழி உண்டா என்று கேட்டார். மெத்தையக்காவுக்குப் பந்தயக் காரைப் பற்றி ஆனா ஆவன்னா தெரியாது. ஸ்கூட்டரில் வீட்டுக்காரர் பின்னால் உட்கார்ந்தாலே கண்ணை மூடிக்கொள்கிற ஆள். ஆனால் ஒரு உடம்பு எப்படி உட்காரும், எங்கே அழுத்தும், எங்கே தொங்கும் என்பது அவருக்குத் தெரியும். சரி பார்க்கலாம் என்றார். அப்படித்தான் போய் மாட்டிக்கொண்டார்.

வேலை இப்படி. வெறுமையான காருக்குள் தடித்த பிளாஸ்டிக் பையை விரித்து, அதன்மேல் ஓட்டுகிறவரை முழு உடுப்போடு, ஹெல்மெட்டோடு, பட்டையெல்லாம் மாட்டி உட்கார வைப்பார். இரண்டு கேன் திரவங்களை வாளியில் கலக்கிப் பைக்குள் ஊற்றுவார். ஊற்றிய கொஞ்ச நேரத்தில் அது பால் பொங்குவது போலப் பொங்கி, முதுகுக்கும் காருக்கும் இடையே இருக்கிற சந்துபொந்தெல்லாம் புகுந்து நிறைக்கும். பொங்கும்போது சூடேறும். பிறகு மெல்ல இறுகும். இறுகும்வரை உள்ளே இருப்பவர் மூச்சு விடலாம், கண் சிமிட்டலாம். தோளை ஒரு குலுக்குக் குலுக்கினால் அத்தனையும் வீண். பிய்த்தெறிந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அதனால் வாளியைக் கையில் எடுத்ததுமே மெத்தையக்கா, "அசையாதே!" என்பார். நாற்பது வயதுக்காரராக இருந்தாலும் அதே அதட்டல்தான். நுரை ஏறும்போது எல்லோரும் தவறாமல் ஒரே வார்த்தை சொல்வார்கள்: "சுடுதுக்கா!" அவரும் தவறாமல் ஒரே பதில் சொல்வார்: "சுட்டாத்தான் சீட்டு. பொறு."

இறுகியதை வெளியே எடுத்து ஓரத்தைக் கத்தியால் செதுக்குவது கடைசி வேலை. அதில் அவருக்கு ஒரு கணக்கு உண்டு. உட்காரும் இடத்தில், முதுகெலும்பின் நுனி வந்து நிற்கிற இடத்தில், இரண்டு விரல் கனத்துக்கு நுரை இருந்தே ஆக வேண்டும். வெட்டிய ஓரத்தில் தன் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்துப் படுக்க வைத்துப் பார்ப்பார். விரலைத் தாண்டி நுரை தெரிந்தால் சரி. இந்த அளவை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கல்லும் மேடுமான ரோட்டில் ஓடுகிற பஸ்ஸின் சீட்டுக்கு அவருடைய அப்பா விட்ட கனம் அது. காருக்கும் அதுவே இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டார்.

வாலு அந்த வருஷம் புதிதாக வந்தாள். பெயர் வேறு ஏதோ இருந்தது. முதல் நாளே மெக்கானிக்குகள் வாலு என்று வைத்துவிட்டார்கள். இருபது வயது. நின்றால் கால் ஆடும், உட்கார்ந்தால் முழங்கால் ஆடும், ஒன்றும் ஆடாத நேரத்தில் வாய் ஆடும். அப்பா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். பந்தயத்துக்குள் நுழைவதற்கு அவரால் எட்ட முடிந்த ஒரே படி இந்தத் தொடர்தான். இதில் முதலாவதாக வந்தால் அடுத்த வருஷம் மேல்படிக்கு ஒரு கார் இலவசமாகக் கிடைக்கும். வராவிட்டால் மகளும் பஸ்தான் ஓட்ட வேண்டும் என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பு பாதிதான் சிரிப்பு என்பது எல்லோருக்கும் தெரியும்.

அவளுக்குச் சீட் வார்க்க மூன்று தடவை ஊற்ற வேண்டியிருந்தது. முதல் தடவை தும்மினாள். இரண்டாவது தடவை, அப்பா ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டார். மெத்தையக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. பஸ்காரரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். பிறகு வாலுவின் ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணுக்கு நேராகப் பார்த்துச் சொன்னார்.

"இந்தத் தடவை அசைஞ்சே, உன்னையும் சேத்து உள்ள வச்சுத் தச்சிடுவேன்."

வாலுவுக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. சிரிக்காமல் அடக்கினாள், அடக்க அடக்கக் கண்ணில் தண்ணீராக வழிந்தது. உடம்பு மட்டும் அசையவில்லை. "சுடுதுக்கா," என்றாள் உதட்டை அசைக்காமல். "சுட்டாத்தான் சீட்டு," என்றார் மெத்தையக்கா. பிள்ளை இல்லாத அவருக்கு அன்றைக்கே அந்தப் பெண்மேல் ஒட்டுதல் வந்துவிட்டது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, வீட்டுக்காரரிடம்கூட. ஆனால் வீட்டுக்காரர்களுக்கு இதெல்லாம் மூக்கில் வேர்த்துவிடும். "என்ன, இன்னிக்கு வாலு பேச்சே இல்ல, உடம்பு சரியில்லையா?" என்று கேலி செய்ய ஆரம்பித்தார்.

முதல் இரண்டு சுற்றிலும் வாலு நன்றாகத்தான் ஓட்டினாள். வளைவுகளில் அவளைப் பிடிக்க ஆளில்லை. ஆனால் நேர்பாதைக்கு வந்ததும் பின்னால் வருகிறவர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். ஒரே எஞ்சின், ஒரே டயர். பிறகு ஏன் என்று எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். காரணம் எளிது. வாலு உயரம். மற்றவர்கள் காருக்குள் புதைந்துகொண்டார்கள். அவள் தலை மட்டும் வெளியே நின்று காற்றை வாங்கிக்கொண்டது.

மூன்றாவது சுற்றுக்கு முன்னால் சீட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள். பஸ்காரரும் கூட வந்தார். கடை முழுக்கப் பிரித்துப்போட்ட சோபாக்கள்; உட்கார இடமில்லாமல் அவர் வாசலோரமாக நின்றார்.

"அக்கா, அடியில கொஞ்சம் செதுக்கிக் குடுங்க. ஒரே ஒரு விரல். நான் கீழ எறங்கிடுவேன்."

"முடியாது."

"எல்லாருக்கும் ஒரே எஞ்சின்கா. நான் மட்டும் தலையால காத்தைத் தள்ளிட்டுப் போறேன். இது நியாயமா?"

"ரெண்டு விரல் இருக்கணும். அதுதான் என் கணக்கு."

"அந்தக் கணக்கு ரூல்ல எங்கக்கா இருக்கு?"

ரூலில் எங்கும் இல்லை. அது மெத்தையக்காவுக்கும் தெரியும். அன்றைக்கு முடியாது என்று அனுப்பிவிட்டார். மூன்றாவது சுற்றிலும் அதே கதை நடந்தது. வாலு மறுபடி வந்தாள். இந்த முறை கெஞ்சவில்லை, ஒற்றைக் காலில் நின்றாள். சீட்டை வெட்டு மேசைமேல் வைத்துவிட்டு, செதுக்கிக் கொடுக்கும்வரை நகரமாட்டேன் என்று ஒரு சோபாவின் எலும்புக்கூட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பஸ்காரர் வாய் திறக்கவில்லை. வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால் மெத்தையக்கா அதைப் பிடித்துக்கொண்டிருப்பார். செதுக்குங்கள் என்று சொல்லியிருந்தால் கோபித்துக்கொண்டு மறுத்திருப்பார். அந்த மனுஷன் மகளையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மெத்தையக்கா கத்தியை எடுத்தார். இதற்குச் சாக்குப்போக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெண் ஜெயிக்கட்டுமே என்று ஆசைப்பட்டார், அவ்வளவுதான். அடியில் சீவிய நுரை வெங்காயச் சருகு மாதிரி தரையில் விழுந்தது. விரலை வைத்துப் பார்த்தபோது ஒரு விரலுக்குத்தான் இடம் இருந்தது.

அடுத்த சுற்றில் வாலு ஜெயித்தாள். அதற்கடுத்ததிலும் ஜெயித்தாள். புள்ளிப் பலகையில் அவள் பெயர் மேலே போய் உட்கார்ந்துகொண்டது. மெத்தையக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. சோபாவுக்கு உறை போட வந்தவர்களிடமெல்லாம் பந்தயக் கதை சொன்னார். நேர்பாதையில் அவள் தலை தெரிகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன், தெரியவே இல்லை என்று சொல்லிச் சிரித்தார். கேட்டவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு, உறை எப்போது தயாராகும் என்று கேட்டார்கள்.

கடைசிக்கு முந்திய சுற்று. அதில் முதல் மூன்றுக்குள் வந்தாலே போதும், தொடர் அவளுக்குத்தான். குலுக்கலில் விழுந்த கார்வரைக்கும் சீட்டை ஏந்திக்கொண்டு போனபோது, வாலு தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்ற மெத்தையக்காவைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். முதலிடம் என்று சொன்னாளா, செதுக்கிய ஒரு விரலைச் சொன்னாளா தெரியாது. மெத்தையக்கா பதிலுக்குக் கையை ஆட்டினார்.

பந்தயம் பாதி தாண்டியிருக்கும். முன்னால் போன கார் ஒன்று வளைவில் தடுமாறிக் குறுக்கே வந்தது. வாலுவின் முன்சக்கரம் அதன் பின்சக்கரத்தில் உரசியது. திறந்த சக்கரமுள்ள வண்டிகளில் இதுதான் பயம். சுழலும் சக்கரத்தில் சுழலும் சக்கரம் பட்டால் அது ஏணி மாதிரி ஏற்றிவிட்டுவிடும். கார் மேலே போனது. கவிழவில்லை, உருளவில்லை. எழுந்த வாக்கிலேயே தட்டையாக வந்து தரையில் உட்கார்ந்தது. பார்த்தவர்களில் பாதிப் பேர் அப்பாடா என்றார்கள். காருக்குப் பெரிய சேதமே இல்லை. நான்கு சக்கரமும் இருந்தன. ஸ்டியரிங்கில் இரண்டு கையும் இருந்தன. உள்ளே இருந்தவள் மட்டும் எழுந்திருக்கவில்லை.

மெத்தையக்கா தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். மீட்புக்காரர்கள் ஓடினார்கள். முதுகை அசைக்காமல் எடுக்க வேண்டும் என்பதால் அவளைச் சீட்டோடு சேர்த்து, அப்படியே உட்கார்ந்த நிலையில் வெளியே எடுத்தார்கள். நான்கு பேர் ஏந்திக்கொண்டு ஆம்புலன்சுக்கு நடந்தார்கள். அந்தத் தொடரில் அவள் சீட்டை வேறு ஆட்கள் தூக்கியது அன்றைக்குத்தான் முதல் தடவை.

உயிருக்குப் பயமில்லை என்று சாயங்காலம் சொன்னார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை என்பதை மறுநாள் சொன்னார்கள். திரும்பி வராது என்று சொல்லக் கொஞ்ச நாள் எடுத்துக்கொண்டார்கள்.

விசாரணை நடந்தது. நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேசைமேல் அந்தச் சீட் இருந்தது. மெத்தையக்கா மறைக்கவில்லை. நான்தான் செதுக்கினேன், இரண்டு விரல் இருந்தது, ஒரு விரல் ஆக்கினேன் என்று சொன்னார். அவர்கள் சீட்டைப் புரட்டிப் பார்த்தார்கள், அளந்தார்கள், தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். இவ்வளவு உயரத்திலிருந்து விழுந்த அடிக்கு நுரையின் கனம் காரணம் என்று சொல்வதற்கில்லை என்றார்கள். விதி எதுவும் மீறப்படவில்லை. நீங்கள் போகலாம் என்றார்கள்.

"காரணம் இல்லன்னு சொல்றீங்களா?" என்று மெத்தையக்கா கேட்டார்.

"காரணம்னு சொல்றதுக்கில்லம்மா."

இரண்டுக்கும் நடுவில் இருந்த அந்த இடைவெளியில் போய் மெத்தையக்கா விழுந்தார். கடைசிச் சுற்றை நடத்தி முடித்தார்கள், யாரோ ஜெயித்தார்கள், கோப்பையை வாங்கியவன் அதைத் தூக்கிக்கூடக் காட்டவில்லை என்று வீட்டுக்காரர் வந்து சொன்னார். மெத்தையக்கா இரண்டு கேன்களையும் கடையின் பின்பக்கம் பழைய ஸ்பிரிங்குகளுக்கு அடியில் தள்ளிவிட்டார். அடுத்த வருஷத்துக்கு மேலாளர் ஆள் அனுப்பியபோது முடியாது என்று சொல்லி அனுப்பினார். சோபா, கட்டில், நாற்காலி என்று இருந்துவிட்டார். கத்தி பிடிக்கும் வேலையை மட்டும் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டார். அவருக்கு அது சரியாக வராது. வெட்டிய ரெக்சினெல்லாம் எலி கடித்தது போல இருக்கும். மெத்தையக்கா அதை மடித்துத் தைத்துச் சரிக்கட்டிவிடுவார்.

ஆஸ்பத்திரிக்கு அவர் போகவில்லை. ஒரு தடவை பழம் வாங்கிக்கொண்டு வாசல்வரைக்கும் போனார். அங்கே சக்கர நாற்காலிகள் வரிசையாக நிறுத்தியிருந்தன. ரெக்சின் சீட்டுகள், எல்லாம் ஒரே அச்சு. அதைத் தாண்டி அவர் உள்ளே போகவில்லை. பழத்தை அங்கே உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியம்மாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். உங்களால்தான் என்று அந்தப் பெண் நேருக்கு நேர் சொல்லிவிட்டால் அதற்கப்புறம் தன்னால் இருக்க முடியாது என்று நினைத்தார். சொல்லாமல் மனசுக்குள் வைத்துக்கொண்டாலும் அதைத் தாங்க முடியாது என்றும் நினைத்தார். போகாமல் இருந்தால் இரண்டையும் தள்ளிப்போடலாம். வருஷம் அப்படியே ஓடிப்போனது.

ஒரு நாள் பஸ்காரர் கடைக்கு வந்தார். காலை டிரிப்பை முடித்துவிட்டு, காக்கிச் சட்டையோடு வந்திருந்தார். முன்பு போலவே வாசலோரமாகத்தான் நின்றார். மெத்தையக்கா எழுந்து நின்றார். 

"புண்ணு வந்துடுச்சும்மா," என்றார் அவர். "உக்காந்தே இருக்கறதால. வலி தெரியாதா, எங்க அழுத்துதுன்னு அவளுக்கே தெரிய மாட்டேங்குது. ஒரு தடவை ஆறி, மறுபடி வந்துடுச்சு. எத்தனையோ மெத்தை வாங்கிப் பாத்தாச்சு. இப்பத்தான் ரெண்டாவது புண்ணும் ஆறியிருக்கு. இன்னொண்ணு வந்தா மாசக்கணக்குல குப்புறப் படுக்க வச்சிருவாங்க. பிசியோ சொல்றாங்க, உடம்புக்கே வார்த்து ஒண்ணு செஞ்சா நல்லதுன்னு."

மெத்தையக்கா கையிலிருந்த ரெக்சினை மடித்துக்கொண்டே இருந்தார்.

"வேற யாரைப் போய்க் கேப்பேன்?"

"என் கை படக் கூடாதுங்க," என்றார் மெத்தையக்கா. குரல் அவருக்கே கேட்கவில்லை. "ஏற்கெனவே பட்டது போதும்."

பஸ்காரருக்கு முகம் மாறியது. கோபம்தான். அந்த மனுஷனுக்குக் கோபம் வரும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. "அன்னிக்கு நானும் இங்கதான் நின்னேன். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னேனா? சொல்லல. அதுக்காக நான் அவளுக்குச் சோறு போடாம இருக்கேனா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். மதிய டிரிப்புக்கு நேரமாகியிருந்தது.

வீட்டுக்காரர் வெட்டு மேசையிலிருந்து நிமிரவில்லை. "கேனு ரெண்டும் பின்னாலதான் கெடக்கு," என்று மட்டும் சொன்னார். "பழசு பொங்காது. புதுசா வாங்கணும்."

பஸ்காரரின் வீடு ஒரு தெருக்கோடியில் இருந்தது. படி இருந்த இடத்தில் சிமெண்டால் சரிவு போட்டிருந்தார்கள். முன்னறையில் பந்தயப் படம் ஒன்றும் இல்லை. அலமாரியின் மேல் ஹெல்மெட் மட்டும் துணி மூடி இருந்தது. பிசியோ பெண் முன்கூட்டியே வந்து காத்திருந்தார். வாலு ஜன்னலோரமாகச் சக்கர நாற்காலியில் இருந்தாள். தோள்கள் அகன்றிருந்தன. கால்கள் மெலிந்து, இரண்டும் அசையாமல் சேர்ந்திருந்தன. அந்த முழங்கால்களையே மெத்தையக்கா பார்த்துக்கொண்டு நின்றார். எப்போதும் ஆடிக்கொண்டிருந்த முழங்கால்கள்.

"ஏன் வரல?" என்றாள் வாலு.

மெத்தையக்கா புதுக் கேன்களைக் கீழே வைத்தார்.

"எல்லாரும் வந்தாங்க. குலுக்கல் டப்பா பிடிக்கிறவர்கூட வந்தாரு. கதவு தெறக்குறப்பல்லாம் நீங்கதான்னு பாத்தேன்."

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வருவேன்? நான்தானேம்மா செதுக்குனேன்."

"கேட்டது யாரு?"

"நீ சின்னப் பொண்ணு, கேப்ப. எனக்கு எங்க போச்சு புத்தி? ரெண்டு விரல் இருந்திருந்தா..."

"இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்? சொல்லுங்க."

"தெரியல."

"எனக்கும் தெரியல. யாருக்கும் தெரியாது," என்றாள் வாலு. அவள் குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை. "மொத்தப் பழியையும் நீங்களே தூக்கி வச்சுக்கிட்டா, அப்ப நான் யாரு? பொம்மையா? நான்தான் கேட்டேன். வேணாம் வேணாம்னு சொன்ன உங்ககிட்ட வம்பு பண்ணி வாங்கினேன். தெரிஞ்சேதான் ஏறி உக்காந்தேன். என் சீட்டை நான்தான் தூக்கிட்டுப் போனேன்கா. அதையும் என்கிட்டேர்ந்து புடுங்காதீங்க."

மெத்தையக்கா அழுதார். வாய்விட்டே அழுதார். பஸ்காரர் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார். 

பிறகு வேலையைப் பார்த்தார்கள். நாற்காலியின் பழைய மெத்தையை எடுத்துவிட்டுப் பையை விரித்தார்கள். பிசியோ பெண்ணும் பஸ்காரரும் வாலுவைத் தூக்கி வைத்து, இடுப்பை நேராக்கினார்கள். சூடு நேராகப் படாமலிருக்கப் பையின்மேல் தடித்த கம்பளி மடித்துப் போட்டிருந்தது. சூடு குறைவாக வரும் கலவையைத்தான் மெத்தையக்கா கொண்டுவந்திருந்தார்; கடையில் தன் தொடைக்கு அடியில் ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்து வந்தார். வாளியில் கலக்கினார்.  கைக்குப் பழக்கம் இருந்தது. பைக்குள் ஊற்றினார், நுரை எழும்பியது, பழைய நினைப்பில் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அசையாதே!"

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். பிசியோ பெண் குனிந்துகொண்டார். 

"அசையலக்கா," என்றாள் வாலு. "இப்பல்லாம் நான் ரொம்ப நல்ல பொண்ணு."

அவள் சிரித்தாள். சிரித்தபோது தோள் குலுங்கியது. "ஏய், தோளு!" என்று மெத்தையக்கா அழுகையோடு அதட்டினார்.

நுரை ஏறிக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில்தான் அந்த வார்த்தை வர வேண்டும். மெத்தையக்காவின் காது அதற்காகக் காத்திருந்தது. வரவில்லை. வராது என்பது தெரிந்தும் காத்திருந்தது. திடீரென்று பயம் பிடித்துக்கொண்டது. கம்பளி போதுமா? கலவையில் சூடு மீறினால் இவளுக்குத் தெரியாதே, தோல் வெந்தாலும் தெரியாதே. யோசிக்கவே இல்லை, கம்பளிக்கும் அவள் உடம்புக்கும் நடுவில் தன் வலது கையை நுழைத்து, உள்ளங்கையைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டார். வாலுவின் எடை முழுவதும் அந்தக் கையின்மேல் இறங்கியது.

"என்னக்கா பண்றீங்க?"

"பேசாம இரு."

"கை உள்ள இருக்கா?" அவளுக்கு அதுவும் தெரியவில்லை. பிறகு கேட்டாள். "சுடுதா?"

மெத்தையக்கா உணர்ந்து பார்த்தார். கதகதப்பு மெல்ல ஏறியது, கம்பளியில் தங்கியது, அதற்குமேல் போகவில்லை.

"சுடுது," என்றார். "கொஞ்சமாத்தான். பொறுக்கற சூடு."

"சுட்டாத்தான் சீட்டு," என்றாள் வாலு. "பொறுங்க."

நுரை இறுகும்வரை மெத்தையக்கா கையை எடுக்கவில்லை. எடுத்தபோது விரல்களெல்லாம் மரத்துப்போயிருந்தன. வாலுவைக் கட்டிலுக்கு மாற்றி, பின்புறத்தைப் பிசியோ பெண் நன்றாகப் பார்த்தார். எங்கும் சிவப்பு இல்லை. நுரையை வெளியே எடுத்துக் கவிழ்த்தால் நடுவில், முதுகெலும்பின் நுனி வருகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழி விழுந்திருந்தது. மெத்தையக்கா பதறிப்போய், வேலை கெட்டது, மறுபடி ஊற்றுகிறேன் என்றார். பிசியோ பெண் அந்தக் குழியைத் தடவிப் பார்த்தார். "இருக்கட்டும்மா. புண்ணு வர்றதே அந்த எடத்துலதான். அங்க எதுவும் படாம இருந்தா நல்லதுதான்," என்றார்.

ஓரமும் அடியும் செதுக்க வேண்டியிருந்தது. நுரைத்தூள் வீட்டுக்குள் பறக்கக் கூடாது என்று வெளியே தாழ்வாரத்துக்குக் கொண்டுபோகலாம் என்றார் மெத்தையக்கா. வாலுவைப் பழைய மெத்தையோடு நாற்காலியில் உட்கார வைத்தாயிற்று. புதுச் சீட்டைத் தூக்க மெத்தையக்கா குனிந்தபோது, வாலு இரண்டு கையையும் நீட்டினாள்.

"குடுங்க. அதை யாரு தூக்கணும்னு உங்களுக்குத் தெரியாதா?"

மடியில் வைத்துக்கொண்டு, முழங்கையால் அணைத்துப் பிடித்தபடி, இரண்டு கையாலும் சக்கரத்தைத் தள்ளித் தாழ்வாரத்துக்கு அவளே போனாள். மெத்தையக்கா பையிலிருந்து கத்தியை எடுத்தார். எடுத்தாரே தவிர, வைக்க முடியவில்லை. நுரைக்கு மேலே கத்தி அப்படியே நின்றது. வீட்டுக்காரரைக் கூட்டி வந்திருக்கலாம் என்று தோன்றியது.

வாலு சீட்டைப் பக்கவாட்டில் திருப்பினாள். ஓரத்தில், அடிக்கும் குழிக்கும் நடுவில், தன் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்துப் படுக்க வைத்தாள்.

"இதுக்குக் கீழ வெட்டுங்கக்கா," என்றாள். "நான் விரலை எடுக்க மாட்டேன்."

மெத்தையக்கா அந்த இரண்டு விரலை ஒட்டிக் கத்தியை வைத்து, மெதுவாக இழுத்தார்.